சிலபஸில் ஒளிஞ்சிருக்கும் ஒரு வரி!

ஒரு குட்டி டெஸ்ட் பாஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினா, காவிரிப் பாலம் தாண்டறதுக்குள்ள பதில் சொல்லணும். திருட்டு சினிமா சி.டி. வித்தா என்ன சட்டம்? 'குண்டாஸ்!'னு கோரஸா கத்துவீங்க. கரெக்ட். 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, 'வீடியோ பைரேட்'களையும் சேர்த்தது தமிழக அரசு. ஜாமீன் பேச்சே இல்லாம ஒரு வருஷம் வரை உள்ளே. அதே கடையில், பக்கத்துத் தட்டில் இருந்த திருட்டு சாஃப்ட்வேர் சி.டி.க்கு? ம்ஹூம், அந்தத் திருத்தம் சினிமாவுக்கு மட்டும்தான்!

சாஃப்ட்வேருக்கு இருக்கறது 1957-ம் வருஷத்து காப்பிரைட் சட்டம். அதில் 1994 திருத்தத்தில் நுழைஞ்ச 63-பி பிரிவைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. வித்தவரை விடுங்க, திருட்டு காப்பின்னு தெரிஞ்சே யூஸ் பண்றவருக்கே 7 நாள் முதல் 3 வருஷம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்ச ரூபாய் வரை ஃபைன். (வியாபார லாபத்துக்காக இல்லைன்னா, கோர்ட் மனசு வெச்சு ஜெயிலைத் தவிர்க்கலாம். அப்பவும் ஃபைன் 50,000 வரை போகலாம். ஹாஸ்டல்வாசிகள் பாதி மூச்சு மட்டும் விட்டுக்கங்க!)

இதுக்கெல்லாம் நாம பயந்தோமா? இந்தியாவில் லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர் 2004-ல் 74 சதவிகிதம், 2017-ல் 56 சதவிகிதம்னு சொல்லுது பி.எஸ்.ஏ. அது சாஃப்ட்வேர் கம்பெனிகளோட சங்கம். விக்கறவங்களே போட்ட கணக்கு, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

என்னைக் கேட்டா, தமிழ்நாட்டில் உருப்படியா நடந்தது வேற ரூட்டில். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எம்.டி.யா இருந்தப்ப, எல்காட் லினக்ஸுக்கு மாறுச்சு. 2007-ல் சி-டாக் 'பாஸ்' லினக்ஸை ரிலீஸ் பண்ணுச்சு (உங்களைச் சொல்லலை பாஸ்!). ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயிச்சு முதல்வரான ஜெயலலிதா, 2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சார். அந்த லேப்டாப்களில் ஒரிஜினல் விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எத்தனையோ வீட்டுக்குள்ள வந்த முதல் கம்ப்யூட்டரே லைசென்ஸோட வந்தது!

ஆனா, விண்டோஸோட முடியற கதையா இது? காலேஜ் லேப்பில் மேட்லாப் லைசென்ஸ் இருக்கும். சாயந்திரம் லேப்புக்குப் பூட்டு. காலையில் ரெக்கார்ட் சப்மிட் பண்ணணும். இங்கேதான் ஒரு பென்டிரைவ் ரூம் ரூமா சுத்த ஆரம்பிக்குது. அதில் இருக்கற 'கிராக்' ஃபைலோட சேர்ந்து வைரஸும் சுத்தும்.

அண்ணா பல்கலைக்கழக சிலபஸை எடுத்து, லேப் தேவைகள் லிஸ்ட்டைப் படிங்க. மேட்லாப்னு போட்டு, பக்கத்திலேயே 'அல்லது அதற்கு இணையானது'ன்னு பல பேப்பர்களில் இருக்கும். அந்த இணையானதுக்குப் பேர் சைலேப். ஓசி! மத்திய அரசு காசில் ஐ.ஐ.டி. பாம்பே நடத்தற 'ஃபாஸி' திட்டத்தில், பாடப்புத்தகக் கணக்குகளையே சைலேப்பில் போட்டு வெச்சிருக்காங்க. ஸ்போக்கன் டுட்டோரியலில் தமிழ்லயே பாடம் கேட்கலாம். மெக்கானிக்கல், சிவில் மக்களுக்கு ஆட்டோகேட் கம்பெனியே ஸ்டூடன்ட் லைசென்ஸ் ஃப்ரீயா தருது, வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கணும்.

ஒரு விஷயம், சிமுலிங்க் மாடல் சைலேப்பில் அப்படியே ஓடாது. எக்ஸ்காஸில் முதல்ல இருந்து வரையணும், ஒரு ராத்திரி தூக்கம் போகும். அதனால செமஸ்டர் ஆரம்பத்திலேயே லேப் இன்சார்ஜ்கிட்ட அந்த 'இணையானது' வரியைக் காட்டி, சைலேப்பில் ரெக்கார்ட் வெச்சா கையெழுத்துப் போடுவீங்களா சார்னு கேட்டு வெச்சுக்கங்க.