ஃபேன் ஓடினால் காற்றோட்டம் ஆகிவிடுமா?

கேள்வி: நாலு கறவை மாடு, மூணு கன்று வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் சாரல் அடிக்காமல் இருக்க, கொட்டகையைச் சுற்றிலும் கூரை வரைக்கும் தார்ப்பாய் கட்டினோம். பத்து நாளில் கன்றுகள் இருமத் தொடங்கிவிட்டன. மருந்து கொடுத்தால் நிற்கிறது, மறுபடியும் வருகிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு 'வென்டிலேஷன் இல்லை' என்கிறார். ரெண்டு ஃபேன் ஓடுகிறதே, அது போதாதா?
- ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

டாக்டர் சொன்னது சரிதான், சகோதரி. அந்த இங்கிலீஷ் வார்த்தைதான் உங்களைக் குழப்பிவிட்டது. வென்டிலேஷன் என்றால் காற்று வீசுவது இல்லை, காற்று மாறுவது. உள்ளே இருக்கிற பழைய காற்று வெளியே போக வேண்டும், புதுக்காற்று உள்ளே வர வேண்டும். தமிழில் காற்றோட்டம் என்று அழகான சொல் இருக்கிறது. ஓடுவதற்கு வர ஒரு வழி, போக ஒரு வழி, ரெண்டும் வேண்டும் இல்லையா? நாலு பக்கமும் மூடிய கொட்டகையில் ஃபேன் ஓடினால், இருக்கிற காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டு இருக்கும்.

அந்தப் பழைய காற்றில் என்ன இருக்கிறது? மாடுகள் மூச்சில் விடுகிற ஈரம், சாணியில் இருந்து வரும் ஈரம். இதற்கு மேல் மூத்திரத்தில் உள்ள யூரியா, சாணியோடு சேர்ந்து நொதித்துக் கிளப்புகிற அமோனியா. கன்றுகளுக்கு முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அமோனியா தரையில் இருந்து கிளம்புகிறது, கன்று படுத்துக் கிடப்பது தரையில். நாம் நின்றுகொண்டு பால் கறந்துவிட்டுப் போய்விடுகிறோம், நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. நாள் முழுவதும் அதை இழுக்கிற கன்றுக்கு மூச்சுக்குழாயின் உள்தோல் புண்ணாகி, கிருமி எளிதாக உள்ளே போகிறது. இருமல் முற்றி நிமோனியா ஆனால் கன்று கையை விட்டுப் போய்விடும். மருந்தை நிறுத்தாதீர்கள். ஆனால் தார்ப்பாயை அவிழ்க்காமல் மருந்து மட்டும் கொடுத்தால், இருமல் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும்.

நாளைக்கு விடியற்காலை, சாணி அள்ளுவதற்கு முன்னால், கன்று படுத்திருக்கும் இடத்தில் ஐந்து நிமிஷம் குத்துக்கால் வைத்து உட்காருங்கள். கண் எரிந்தாலோ, மூக்கில் காரம் ஏறினாலோ காற்று மாறவில்லை என்று அர்த்தம். கூரை ஷீட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரமும் உள்ளேயே தங்குகிறது.

செலவு பெரிதாக இல்லை. இந்தப் பருவத்தில் சாரல் பெரும்பாலும் வடகிழக்கில் இருந்துதான் வரும். அந்தப் பக்கத்துத் தார்ப்பாய் மட்டும் இருக்கட்டும், அதையும் மாட்டின் முதுகு உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டு, கூரைக்குக் கீழே ஒன்றரை அடி சந்து விடுங்கள். சாரல் படாத எதிர்ப்பக்கத்தை முழுவதும் திறந்து விடுங்கள். சூடான காற்று மேலேதான் ஏறும் என்பதால், அடுத்த முறை கூரை மாற்றும்போது முகட்டில் திறப்பு விட்டு, மழை இறங்காமல் அதற்கு மேல் சின்னக் குல்லா போடச் சொல்லுங்கள். மூத்திரம் தேங்காமல் தரைக்குச் சரிவும் வேண்டும். குளிரும் என்று பயப்பட வேண்டாம். காய்ந்த வைக்கோலில், நேராகக் காற்று அடிக்காத மூலையில் படுத்தால் கன்று நம்ம ஊர்க் குளிரைத் தாங்கிக்கொள்ளும். ஈரத்தைத்தான் தாங்காது.

உங்கள் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை என்றும் தோன்றுகிறது. சின்ன வெங்காயப் பட்டறையைக் கல் வைத்துத் தூக்கி, அடியிலும் பக்கத்திலும் காற்று புகுந்து போகும்படி கட்டுகிறவர்கள் நீங்கள்தானே!

கேள்வி: பல வருஷமாக மூடிக் கிடந்த கிணற்றில் தூர் வார வேண்டும். விளக்கைக் கட்டி இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

நம்ப வேண்டாம். விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்பது உறுதி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பதுதான் தப்பு. பிராண வாயு குறைந்திருப்பதை விளக்கு காட்டும், விஷவாயுவைக் காட்டாது. ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சேற்றில் இருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. கொட்டகையில் மூக்கு உதவிய மாதிரி இங்கே உதவாது. வேப்பங்கொத்தைக் கட்டி இறக்கி ஏற்றுவதும் காற்றைக் கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான்.

கிரேன் வைத்து மேலே இருந்தே வாரச் சொல்லுங்கள். ஆள் இறங்கியே தீர வேண்டும் என்றால், வாயு அளக்கும் கருவியும், அடி வரைக்கும் குழாய் விட்டுக் காற்று ஊதும் புளோயரும், இடுப்பில் கயிறும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். இன்ஜின் கிணற்று மேட்டில் இருந்தும் தள்ளியே ஓடட்டும். இறங்கியவர் மயங்கிவிட்டால் கயிற்றை இழுங்கள், உடனே 101-க்குப் போன் பண்ணுங்கள். அவர் தம்பியோ மகனோ பின்னாலேயே குதிக்கப் பார்ப்பார்கள். பிடித்து நிறுத்துங்கள். இப்படி ஒரே கிணற்றில் ரெண்டு, மூணு பேர் போன செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்.