வொட்ஸ் கணக்கில பாட்டுக் கேக்க ஏலாது

என்ர போடிங் நண்பன் ஒருத்தன் மூண்டு மாசம் ரியூசன் குடுத்துச் சேர்த்த காசில ஒரு சப்வூபர் செற் வாங்கினான். பெட்டியில தங்கக் கலர் எழுத்தில "12000 வொட்ஸ் பிஎம்பிஓ". பின்பக்கம், வயர் போற இடத்துக்குக் கிட்ட, ஆரும் வாசிக்காத சின்ன எழுத்தில "230 வோல்ட், 60 வொட்". சுவரில இருந்து அறுபது எடுக்கிற பெட்டி எப்பிடியடா பன்னிரண்டாயிரம் குடுக்கும் எண்டு கேட்டன். "அது வேற வொட்ஸ்" எண்டு கடைக்காரர் சொன்னவராம்.

வேற வொட்ஸ் எண்டு ஒண்டு கிடையாது. பிஎம்பிஓ எண்டதுக்குப் பொதுவான ஒரு வரையறையே இல்லை; விக்கிறவர் விரும்பின எண்ணை அச்சடிக்கலாம். அமெரிக்காவில் இதே புளுகு முத்திப்போய், 1974இல் அவர்களுடைய வர்த்தக ஆணைக்குழு அம்ப்ளிபயரின் வொட்ஸை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதியே போட்டது. ஐம்பது வருசம் கழிச்சும் நாங்கள் தங்கக் கலர் எழுத்தை நம்பிக்கொண்டிருக்கிறம்.

கடைக்காரரில மட்டும் பிழை இல்லை. எங்கட ஆக்கள் கடைக்குள்ள கால் வைச்ச உடன கேக்கிறதே "இது எத்தினை வொட்ஸ்?" எண்டுதான். வீட்டு ஹோலில ஷோகேசுக்குப் பக்கத்தில வைச்சு, ஆக்கள் வரேக்க ஒருக்காச் சத்தமாப் போட்டு, யன்னல் அதிர்ந்தா அது நல்ல செற். (வெளிநாட்டு மாமா அனுப்பினது எண்டா உறை கழட்டாமலே பத்து வருசம் இருக்கும்.)

உண்மையில எவ்வளவு வேணும்? 90களில கறண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில ஆக்கள் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோவும் ரேப்பும் கேட்டவை. சைக்கிள் டைனமோ சாதாரணமா 6 வோல்ட், 3 வொட். அதில ஒரு வீடே செய்தி கேட்டது, பாட்டுக் கேட்டது. ஒரு ஸ்பீக்கரின் சென்சிற்றிவிற்றி 86 டெசிபல் என்றால், ஒரு வொட் குடுத்து ஒரு மீற்றர் தள்ளி அளந்தால் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். எட்டு அடி தள்ளிக் கதிரையில இருக்கிற உங்களுக்கு அது 80 டெசிபல் அளவில வந்து சேரும். சாதாரணமாக் கதைக்கிறதே 60 பக்கம்தான். மேளம் விழுற இடத்துக்கு இன்னும் 15 டெசிபல் கூட வேணும் எண்டு வைச்சாலும் 30 வொட் சொச்சம் காணும். 1978இல் வந்த நாட் 3020 எண்ட அம்ப், விலைக்கு இப்பிடி ஒண்டு வராது எண்டு உலகம் முழுக்கப் பேர் எடுத்தது. அதின்ர அளவு 20 வொட்.

வொட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாக் கேக்க ஏறக்குறையப் பத்து மடங்கு வேணும். அப்ப 50 வொட்டுக்கும் 100 வொட்டுக்கும் இடையில காசைக் கொட்டுறது எதுக்கு? 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வொட் குடுத்தா வாற சத்தம், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வொட்டிலயே வரும். அதுக்காக 90 எல்லாம் நல்லது, 84 எல்லாம் கூடாது எண்டில்லை. பிபிசி 70களில செய்த எல்எஸ்3/5ஏ எண்ட சின்ன ஸ்பீக்கர் 83 டெசிபல் பக்கம்தான்; குரலுக்கு இண்டைக்கும் அதைத் தேடி வாங்குறாங்கள். அந்த எண் சொல்லுறது ஒண்டைத்தான்: எந்த அம்ப் இதுக்குப் பொருந்தும். ஆனபடியால் முதல் ஸ்பீக்கர், பிறகுதான் அம்ப். நாங்கள் செய்யிறது தலைகீழ்.

ஓமையும் பாருங்கோ. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சனலில பக்கத்துப் பக்கமா இணைச்சா அம்புக்குத் தெரியிறது 4 ஓம். அதைத் தாங்காத அம்ப் கொதிக்கும். "நாலு ஸ்பீக்கர் போட்டா நாலு மடங்கு" எண்டு இணைச்சு எரிச்ச வீடுகள் எனக்கே தெரியும். சின்ன அம்பை அளவுக்கு மிஞ்சித் திருகினாலும் ஆபத்துத்தான்: அலையின்ர தலை வெட்டுப்பட்டு, முதல் எரியிறது உச்ச சத்தம் குடுக்கிற சின்ன ட்வீட்டர்.

மற்றப் பக்கத்தில இன்னொரு கூட்டம். யூடியூப் பாத்திட்டு, விரல் மொத்தத்தில ஸ்பீக்கர் வயர் வாங்கினாத்தான் "இசை மூச்சு விடும்" எண்டுவினம். பத்தடி தூரத்துக்குச் சாதாரண செம்பு வயர் தாராளம். அந்தக் காசுக்கு ஒரு தடிச்ச திரைச்சீலை வாங்குங்கோ. ஏனெண்டா எங்கட றூம்தான் பெரிய வில்லன்: சீமெந்துச் சுவர், ரைல்ஸ் நிலம், கண்ணாடி யன்னல். நடுவில நிண்டு ஒருக்காக் கை தட்டிப் பாருங்கோ, கிணுகிணு எண்டு திரும்பி வரும். பாய், மெத்தை, புத்தக றாக்கை எல்லாம் அதைக் குறைக்கும். 12 அடி றூமில 48 ஹேர்ட்ஸ் பக்கத்தில ஒரு சுரம் தானா வீங்கும். பேஸ் கிற்றாரின் ஆகக் கீழ்க் கம்பி 41இல் தொடங்குது, அப்ப அடி விழுறது சரியா அந்த இடத்தில. அதுக்கு மேல சப்வூபரைக் கொண்டுபோய் மூலைக்குள்ள தள்ளினா, மூலை இன்னும் ஊதிவிடும்.

எனக்குக் கோவம் வாறது இதிலதான். இளையராஜாவின் 80களின் பாட்டுகள் பலதில பேஸ் கிற்றார் தாளத்துக்கு அடிக்கிறதில்லை. பாடகரோட சேர்ந்து இன்னொரு மெட்டா நடக்கும். இந்தச் செற்றுகளில அந்தச் சுரம் எல்லாம் ஒரே "டும்". மூண்டு அங்குலப் பிளாஸ்ரிக் ஸ்பீக்கரால ஆம்பிளைக் குரலின்ர அடிப்பகுதியைத் தூக்க ஏலாது, அதையும் சப்வூபர் விழுங்கும். ஆயிரம் தரம் கேட்ட பாட்டில என்ன இருக்கெண்டு தெரியாமலே நாங்கள் அதை "ஃபீல்" எண்டு ஸ்ரேற்றஸ் போடுறம்.

போன கிழமை நண்பன்ர சப்வூபரை மூலையால இழுத்து, பேஸைப் பாதியாக் குறைச்சு, இரண்டு சின்ன ஸ்பீக்கரையும் காது உயரத்துக்குக் கல்லடுக்கி வைச்சம். தெரிஞ்ச பாட்டொண்டில கிற்றார் இறங்கி ஏறுறது கொஞ்சம் கேட்டது. "இது முந்தியும் இருந்ததா?" எண்டான். அந்தச் செற்றால அதுக்கு மேல ஏலாது, விக்கப்போறான். வாங்கப்போற பெடியன் போனில கேட்டதாம்:

"அண்ணா, எத்தினை வொட்ஸ்?"