சமையலறையை விற்பவர் சந்திக்கும் நேர்காணல்

வீட்டைப் புதுப்பிக்க வேண்டிய மரம், வண்ணம், குழாய், விளக்கு அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் பேரங்காடிகள் அமெரிக்காவில் மிகுதி. 1921ஆம் ஆண்டு வட கரோலினாவில் தோன்றிய லோவ்ஸ், 1978ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஹோம் டிப்போ ஆகிய இரண்டும் அவற்றுள் தலையாயவை. இத்தகைய அங்காடிகளில் சமையலறைக்கெனத் தனிப்பகுதி உண்டு. வருவோரின் தேவையைக் கேட்டு, அலமாரிகளையும் மேடையையும் கணினித் திரையில் வரைந்து காட்டி, விலை கூறி விற்பவரே அங்குள்ள சமையலறை வடிவமைப்பாளர். பெயரில் வடிவமைப்பு இருப்பினும், பணி விற்பனையே. நேர்காணலுக்குச் செல்வோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது இதுதான்.

நன்றாக வரையத் தெரிந்தவருக்கே வேலை என்று எண்ணி, படங்களை மட்டும் சுமந்து செல்வோர் உண்டு. தேர்வு செய்வோர் தேடுவதோ வேறொன்று. "சினத்துடன் வந்த வாடிக்கையாளரை எவ்வாறு அமைதிப்படுத்தினீர்?" "ஒரே வேளையில் பல வேலைகள் நெருக்கியபோது என்ன செய்தீர்?" என்றே கேட்பர். "நான் பொறுமைசாலி" என்னும் விடை இங்கே செல்லாது. நிகழ்ந்த ஒன்றை நான்கு படிகளில் கூற வேண்டும்: சூழ்நிலை என்ன, நம் பொறுப்பு என்ன, நாம் செய்தது என்ன, விளைவு என்ன. திரைச்சீலைக் கடையில் பணியாற்றியவர், அளவு தவறிய சீலையுடன் வந்த ஒருவரின் குறையை முழுதும் கேட்டு, மறுபடி அளந்து, குறித்த நாளில் மாற்றிக் கொடுத்ததைச் சொன்னாலே போதும். அது சமையலறைப் பணிக்கும் சான்றாகும்.

சில இடங்களில் கேள்வி கேட்பவரே வாடிக்கையாளராக நடித்து, "எனக்குப் புதிய சமையலறை வேண்டும்" என்பார். உடனே கருங்கல் மேடையின் சிறப்பையும் விலையையும் அடுக்குபவர் தோற்றுவிடுவார். வீட்டில் சமைப்போர் எத்தனை பேர், அவர்களின் உயரம் என்ன, இடக்கைப் பழக்கம் உடையவர் உண்டா, இப்போதைய சமையலறையில் எது மிகவும் தொல்லை, ஒதுக்கிய தொகை எவ்வளவு, எப்போது முடிய வேண்டும் என்று கேட்பவரே தேறுவார். லில்லியன் கில்பிரெத் என்னும் பொறியியல் அறிஞர், 1924ஆம் ஆண்டு கணவரை இழந்த பின்னர் சமையலறை ஆய்வில் ஈடுபட்டு, இல்லத்தரசிகள் பலரிடம் கேட்டறிந்தே மேடையின் உயரத்தையும் நடக்கும் தொலைவையும் ஆராய்ந்தார். கேட்பது முதலில், வரைவது பின்னர் என்பது இத்தொழிலின் பழைய நெறி.

அடிப்படை அளவுகளை அறிந்து செல்வதும் நன்று. அங்கே மேடையின் வழக்கமான உயரம் 36 அங்குலம்; கீழ் அலமாரியின் ஆழம் 24 அங்குலம்; மேல் அலமாரியின் ஆழம் பெரும்பாலும் 12 அங்குலம். அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும், மொத்தம் 26 அடிக்கு உட்பட்டும் இருத்தல் நலம் என்பது தொழில்துறையின் வழிகாட்டல். ஒருவர் சமைக்கும் இடைவழிக்கு 42 அங்குலமும், ஒருவருக்கு மேற்பட்டோர் சமைப்பதாயின் 48 அங்குலமும் வேண்டும். மென்பொருள் தெரியாதாயின் தெரியாது என்றே கூறிவிடலாம். கற்றுக்கொள்ளக் கூடியதே அது. தெரிந்ததாகக் கூறிப் பின்னர் விழிப்பவரை எவரும் நம்பார்.

சம்பளத்திற்கு வேலை பார்த்திராத இல்லத்தரசிகள் இப்பணி தமக்கு எட்டாதது என ஒதுங்க வேண்டியதில்லை. அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி வைக்க அருகிலேயே இடம் வேண்டும் என்பதும், மூலையில் இரு இழுப்பறைகளைத் திறந்தால் ஒன்றோடொன்று மோதும் என்பதும் அவர்கள் நாள்தோறும் கண்டறிந்தவை. அந்த அனுபவத்தை வெறும் வீட்டுவேலை என்று தாழ்த்தாமல், எடுத்துக்காட்டுடன் எடுத்துரைக்க வேண்டும். விற்பனைப் பயிற்சி இல்லாத குறையை அது முழுதும் நீக்காது. எனினும் பேச்சுக்கு எடை தரும்.

"எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?" என்று இறுதியில் வினவுவர். மௌனமாக எழுந்து வருதல் கூடாது. ஊதியம் மணிக் கணக்கிலா, விற்பனைப் பங்கும் உண்டா, வார இறுதி நாள்களில் வேலை எவ்வளவு, பயிற்சி எத்தனை நாள், வீட்டிற்குச் சென்று அளப்பவர் யார் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கடைசி வினா மிக முக்கியமானது. அளவு கொடுத்துச் செய்வித்த அலமாரியைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க இயலாது. சுவரின் அளவில் அரை அங்குலம் பிழைத்தாலும் பெட்டி பொருந்தாமற் போகலாம். அந்த இழப்பு யார் தலையில் விழும் என்பதைப் பணியேற்குமுன் அறிந்துகொள்வதே அறிவுடைமை.

இன்னொன்றும் உண்டு. "வாடிக்கையாளர் குறித்த தொகைக்கு மேல் எவ்வாறு விற்பீர்?" என்று கேட்கப்படலாம். கூடுதல் விலைப் பொருளின் பயனை விளக்குவது விற்பனை. தாங்க இயலாத கடனில் ஒரு குடும்பத்தைத் தள்ளுவது விற்பனையன்று. "பயனைச் சொல்வேன், விலையையும் மறைக்காமற் சொல்வேன், முடிவை அவர்களிடம் விடுவேன்" என்று பணிவுடனும் உறுதியுடனும் விடையளிக்கலாம். அவ்விடையை விரும்பாத இடத்தில் வேலை கிட்டாமற் போகவும் கூடும். ஆனால் ஒரு குடும்பம் பல்லாண்டு புழங்கப்போகும் சமையலறையை விற்பவருக்கு, அக்குடும்பத்தின் நம்பிக்கையே முதலீடு. அதை நேர்காணல் அறையிலேயே விற்றுவிட்டு வெளியே வருவோர் பின்னர் எதைக் கொண்டு வணிகம் செய்வர்?