கொஞ்சம் விலகித்தான் போவோமே!



கீழப்பாவூரில் எதிரே மாட்டுவண்டி வந்தால் ஓரமாய் ஒதுங்குகிறோம். வானத்தில் மட்டும் நடுக்கோடு பிசகாமல் பறப்பதுதான் கெட்டிக்காரத்தனமா? அதுவே ஆபத்து என்கிறேன் நான்!

1996 நவம்பர் 12-ல் அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, ஒரே பாதையில் எதிரெதிராய் வந்த சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் மாண்டார்கள். கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்கும் கீழே இறங்கியதே காரணம் என்றது விசாரணைக் கமிஷன். உயரம் தவறியது, பாதை தவறவில்லையே!

அது தரைக்கு மேலே நடந்தது. ரேடார் எட்டாத கடலுக்கு மேலே ஒரு நல்ல விதி உண்டு. வங்கக் கடலைக் கடக்கும் விமானி, யாரையும் கேட்காமலே, பாதைக்கு வலப்பக்கம் 2 கடல் மைல் (சுமார் 3.7 கி.மீ.) வரை விலகலாம். இடப்பக்கம் கூடவே கூடாது. எதிரெதிரே வரும் இருவரும் அவரவர் வலப்பக்கம் ஒதுங்கினால் இடைவெளி இரட்டிப்பு! முன்னே போன விமானத்தின் காற்றுச் சுழலுக்கும் தப்பலாம்.

முன்பெல்லாம் கருவிப் பிழையே விமானங்களைச் சிதறடித்தது. ஜி.பி.எஸ். வந்தபின் எல்லாம் ஒரே கோட்டில்! ஆகவே விமானியின் விருப்பமாய் இருக்கும் இந்த விலகல், அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

கிளியரன்ஸ் விடாத புஷ்ஷில் ஷாஃப்ட் சுத்துமா, சொல்லுங்க? நாளை நாம் எதைச் செய்தாலும், தப்பு நடக்கும் என்று எண்ணி இடம்விட்டுச் செய்வோம்!