அருங்காட்சியகம் வேண்டாம், பாசஞ்சர் வண்டி வேண்டும்

பாசஞ்சர் வண்டிகளைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் அண்மைக் காலமாகப் பெருகி வருகின்றன. வேப்பமர நிழலில் ஒரு சிற்றூர் நிலையம், மண்குவளையில் தேநீர், வயல்களுக்கிடையே ஆடி அசைந்து வரும் வண்டி, சக பயணிகள் சொல்லும் ஊர்க்கதைகள் என எல்லாம் அவற்றில் உண்டு. வண்டியை நிறுத்தியவர் யார் என்ற கேள்வி மட்டும் இல்லை. வயது முதிர்ந்து இயற்கை எய்திய பாட்டனாரைப் போல அவ்வண்டி நினைவுகூரப்படுகிறது. அது முதுமையால் மறையவில்லை. அரசின் கொள்கை முடிவுகளால் அப்புறப்படுத்தப்பட்டது.

மத்தியப் பிரதேசத்தில் குவாலியரிலிருந்து ஷியோபூர் கலான் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு, இரண்டடி அகலமே கொண்ட குறுகிய பாதையில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சிந்தியா மன்னர்கள் காலத்தில் போடப்பட்ட பாதை அது. சுமாவலி, ஜௌரா, கைலாரஸ், சபல்கர், பீர்பூர் ஆகிய ஊர்களையும் இடைப்பட்ட கிராமங்களையும் அது கோத்துச் சென்றது. பெட்டிக்குள் இடம் கிடைக்காதவர்கள் கூரைமேல் அமர்ந்து சென்றனர். அக்காட்சி பலருக்கும் அழகிய புகைப்படமாயிற்று. கூரைமேல் இருந்தவர்களுக்கோ, மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் சந்தைக்கும் கூலி வேலைக்கும் செல்ல அதைவிட மலிவான வழி இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கையொட்டி அவ்வண்டி நின்றது. பின்னர் அகலப்பாதைப் பணியின் பெயரால் அதன் ஓட்டம் அடியோடு முடிக்கப்பட்டது. அகலப்பாதை வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. புதிய பாதை முடியும்வரை அம்மக்கள் எதில் பயணம் செய்வார்கள் என்பதே கேள்வி. பேருந்துக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஜீப்பின் பின்புறம் தொங்கிச் செல்ல வேண்டும்.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப் புலிகள் விமானத்தில் குவாலியர் வந்திறங்கின. அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஷியோபூர் மாவட்டத்தின் குனோ பூங்காவை அடைந்தன. பிரதமரே நேரில் சென்று அவற்றைத் திறந்துவிட்டார். காட்டுயிர்கள் மீது எவருக்கும் பகையில்லை. ஆனால் அதே குவாலியரிலிருந்து அதே ஷியோபூருக்குச் செல்ல, அங்கு வாழும் சஹரியா பழங்குடி மக்களுக்கு அன்று ஒரு பாசஞ்சர் வண்டி இல்லை. ஆட்சியாளர்களின் அக்கறை எத்திசையில் பறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஷியோபூரில் பாதையே பெயர்க்கப்பட்டது. நாட்டின் பிற பகுதிகளில் பாதை இருந்தது, வண்டியும் ஓடியது, பெயர் மட்டும் மாறியது. பெருந்தொற்றுக்குப் பின் மீண்டும் இயக்கப்பட்ட பாசஞ்சர் வண்டிகள் சிறப்பு விரைவு வண்டிகள் என்று பெயர் சூட்டப்பெற்றன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. மாதச் சீட்டும் நெடுங்காலம் வழங்கப்படவில்லை. அடுத்த ஊருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் தொழிலாளிக்கு மாதம் 25 நாள் பயணச் செலவு 500 ரூபாயாக இருந்தது 1,500 ரூபாயாக உயர்ந்தது. விரைவு என்ற சொல்லைத் தவிர, அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது எதுவுமில்லை.

மக்களவைத் தேர்தல் நெருங்கிய 2024 பிப்ரவரி இறுதியில் பழைய கட்டணம் திரும்பியது. தேர்தல் நேரத்தில் 10 ரூபாய்க்கு வண்டி ஓட்ட முடியுமானால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏன் முடியவில்லை? கூடுதலாகப் பறித்த பணம் எவருக்கும் திருப்பித் தரப்படவில்லை. 2020 மார்ச்சில் பறிக்கப்பட்ட மூத்த குடிமக்கள் சலுகையும், ஆண்களுக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கு 50 விழுக்காடு என்று இருந்தது, மீண்டும் வழங்கப்படவில்லை.

நட்டம் என்பதே ரயில்வே நிர்வாகம் எப்போதும் கூறும் காரணம். பயணச் செலவில் 57 விழுக்காடு மட்டுமே வசூலாகிறது என்றும், மீதி 43 விழுக்காட்டை நாட்டின் சாதாரண மக்களே சுமக்கிறார்கள் என்றும் பயணச்சீட்டிலேயே அச்சிட்டது அது. அந்தச் சாதாரண மக்கள் யார்? சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் மறைமுக வரி செலுத்துபவர்கள்; அதே 10 ரூபாய்ச் சீட்டை வாங்குபவர்கள். அவர்களைக் காட்டியே அவர்களைக் குற்றவாளிகளாக்குவது வஞ்சகமாகும். மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் புல்லட் ரயிலுக்குத் தொடக்க மதிப்பீடே 1.08 லட்சம் கோடி ரூபாய். அங்கே அதற்குப் பெயர் முதலீடு. ஏழையின் பெட்டிக்குச் செலவிட்டால் மட்டும் அதன் பெயர் மானியம்.

நினைவுகூர வேண்டுமெனில் இதையும் நினைவுகூரலாம். மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே கீதாஞ்சலி விரைவு வண்டி வகுப்புப் பேதமின்றி ஓடத் தொடங்கியது. இரண்டாம் வகுப்பின் கட்டைப் பலகைகளுக்கு மெத்தை வந்ததும் அவர் காலத்தில்தான். ரயில்வே அன்றும் வரவுசெலவுக் கணக்குப் பார்த்தது. ஆயினும் சாதாரணப் பயணியைச் சுமையென்று கருதவில்லை.

பழைய என்ஜின்களுக்கு வண்ணம் பூசி நிலைய வாயில்களில் நிறுத்துவது எளிது. அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டு ஏங்குவது அதனினும் எளிது. சிற்றூர் மக்களுக்கு வேண்டியது வேறு. நிறுத்தப்பட்ட பாசஞ்சர் வண்டிகள் மீண்டும் ஓட வேண்டும். நீக்கப்பட்ட நிறுத்தங்கள் திரும்ப வேண்டும். அகலப்பாதையாக மாறிய தடங்களில் சாதாரணக் கட்டணத்தில், எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிகள் வேண்டும். மூத்த குடிமக்கள் சலுகை மீட்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளோடு ஒவ்வொரு சிறுநகர நிலையத்தின் முன்பும் உழைக்கும் மக்கள் திரளும்போதுதான் அந்த வண்டி நினைவிலிருந்து தண்டவாளத்துக்கு இறங்கி வரும்.