மாமா கடைக் கணினி

கிள்ளானில் பூக்கடை நடத்தும் என் மாமாவிடம் ஒரு பழைய கணினி இருக்கிறது. விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பில் அடித்தால் எதிர்க்கடைக்கும் கேட்கும். "புதுசு வாங்கிடுங்களேன் மாமா" என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவர் மறுப்பதிலும் நியாயம் உண்டு. ஒரே அடியில் மூன்று பிரதி எடுக்க அந்த மாதிரி பிரிண்டர்தான் வேண்டும். அதன் தடித்த கேபிளைச் செருக இன்றைய மடிக்கணினிகளில் இடமே இல்லை.

போன ஆவணியில் ஒரு கல்யாண மாலை ஆர்டரை நோட்டில் தேதி மாற்றி எழுதிவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் தெரிந்தது. எப்படியோ கட்டிக் கொடுத்தார்கள். மாமா அன்று சாப்பிடவில்லை.

ஆர்டர்களைத் தேதிவாரியாகக் காட்டும் ஒரு சின்னச் செயலியை நானே எழுதினேன். படித்தது ஊடகத் துறைதான். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பைத்தன் பழகியது கைகொடுத்தது. ஜன்னல், பொத்தான் போட டிக்கிண்டர், விவரங்களைச் சேமிக்க எஸ்கியூலைட் இரண்டுமே பைத்தனோடு இலவசமாக வருகின்றன. என் மடிக்கணினியில் அருமையாக ஓடியது. பென்டிரைவில் கடைக்குக் கொண்டுபோனால், ஏதோ டிஎல்எல் கோப்பு இல்லை என்று கணினி அடம்பிடித்தது.

"என்னம்மா, ரேடியோவுல பேசுற மாதிரின்னு நெனச்சியா?" என்றார் மாமா.

தவறு என்னுடையது. பைத்தனில் எழுதியது ஓட வேண்டுமானால் பைத்தனும் கூடவே இருக்க வேண்டும். பைஇன்ஸ்டாலர் என்ற கருவி இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும். நான் கட்டியதோ அண்மைய பதிப்பை வைத்து. பைத்தன் 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது. அதற்கான கடைசி வரிசை 3.8. எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் 3.4-க்கே போக வேண்டும். மாமாவின் விண்டோஸ் 32 பிட் வேறு. ஆகவே 32 பிட் பைத்தன் 3.8-ஐ நிறுவி மறுபடி கட்டினேன்.

ஓடியது, ஆனால் திறக்கவே ஒரு யுகம். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு முறையும் அது தன்னைப் பிரித்துப் போட்டுக்கொண்டுதான் எழும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய பாரம். ஒரு கோப்புறையாகவே விட்டேன், நிலைமை தேறியது. பில்லை எல்பிடி1 என்ற போர்ட்டுக்கு வெறும் எழுத்தாக அனுப்பினால் பிரிண்டர் உடனே அடிக்கிறது. அப்படி அனுப்பும்போது தமிழ் வராது, அதனால் பில் மலாயில்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் பொதுவாக நிறுத்திவிட்டது. பைத்தன் 3.8-உம் 2024-இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதனால் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டேன். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதுவும் அந்தக் கணினியில் கூடாது. வாட்ஸ்அப் ஆர்டர்களை மாமா கைப்பேசியில் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். இரவு கடை சாத்தும்முன் ஆர்டர் கோப்பு பென்டிரைவில் ஒரு நகலாக ஏறுகிறது.

நோட்டுப் புத்தகம் இன்னும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துவைக்க மட்டும் மாமா சம்மதிக்கவில்லை.