ஒரே ஒரு குண்டு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செப்டம்பரில் ஒன்பது நாட்கள், குழல்வாய்த் துப்பாக்கிக்கென்றே எல்க் மான் வேட்டைக்குத் தனிப் பருவம் உண்டு. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோமே, அதே முறைதான். கரிமருந்தை அளந்து குழலின் வாய்வழியே கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். மழையில் மருந்து நனைந்தால் வெடிக்காது. குறி தவறினால் அடுத்த குண்டைக் கெட்டிப்பதற்குள் மான் மலையைத் தாண்டியிருக்கும்.

அது எல்க்குகள் இணைசேரும் காலம். முந்நூறு கிலோ எடையுள்ள ஆண் எல்க், புல்லாங்குழலை வெறிகொண்டு ஊதியதுபோல் விடியலில் கூவும். அந்தக் குரலைப் பின்தொடர்ந்து, எதிர்க்காற்றில் நடந்து, நூறு கஜத்துக்குள் நெருங்க வேண்டும். ஏனென்றால் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அந்தப் பருவத்தில் அங்கே இடமில்லை. வில்லைகளாக வரும் மருந்தும் கூடாது. எல்க்குக்கு அரை அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள குழலும் ஆகாது.

வேட்டையே வேண்டாம் என்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டப்படி வேட்டை நடக்கும் நாட்டில், ஒரே குண்டு என்ற கட்டுப்பாடு மனிதனைக் காத்திருக்க வைக்கிறது. உறுதியில்லாவிட்டால் விரலை எடுக்கச் சொல்கிறது. விலங்குக்குத் தப்பிக்க ஒரு வழியையும் விடுகிறது. தொலைவிலிருந்து சுட வசதி செய்துகொடுத்தால் இந்தத் தனிப் பருவத்துக்கு அர்த்தமே இல்லை. ஸ்கோப் தடையைக் கொலராடோ ஒருபோதும் தளர்த்தக் கூடாது.